கோஸ் சாறும் தொப்பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முட்டைக்கோஸ் சாறு குடித்தால் தொப்பை கரையும் என்று வாட்ஸ்அப்பில் வலம் வரும் செய்தியை நம்பி, கொத்தவால்சாவடியில் கோஸை மூட்டையாக வாங்கத் தேவையில்லை. 2017இல் ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழக ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு கோஸ் இனத்தைச் சேர்ந்த ப்ராக்கோலியில் உள்ள குளுக்கோரஃபானின் என்ற சேர்மத்தைக் கொடுத்தபோது எடை கூடும் வேகம் குறைந்தது உண்மை. ஆனால் அது எலி. மனிதரிடம் அவ்வளவு உறுதியான சான்று இல்லை.

இருந்தாலும் சமைக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றலாம். இந்த இனக் காய்களை நறுக்கும்போதுதான் அவற்றிலுள்ள மைரோசினேஸ் என்ற நொதி குளுக்கோரஃபானினோடு கலந்து, சல்ஃபோரஃபேன் என்ற பயனுள்ள பொருளை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். நாமோ புழு போக காலிஃப்ளவரை முழுப் பூவாகவே கொதிக்கும் மஞ்சள் தண்ணீரில் போடுகிறோம்! தாளிக்கும் கடுகும் எண்ணெயில் வெந்துவிடுவதால் பயனில்லை. அடுப்பை அணைத்து, பொரியல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், வறுக்காத கடுகைப் பொடித்து நாலு பேருக்கு அரை டீஸ்பூன் தூவுங்கள். அதில் நொதி உண்டு. கூடினால் கசக்கும். கோஸையும் முள்ளங்கியையும் நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டு வதக்கலாம்.

தைராய்டு குறைபாடுள்ளவர்கள் தினமும் பச்சைச் சாறு குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோஸின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது; அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், தண்டையார்பேட்டை