ராம்ப்புக்கு பில் பாஸ் பண்றதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தர ஏத்திப் பாருங்க மேடம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: அரசு கட்டடங்கள்ல சாய்தளம், கழிப்பறை, கதவு எல்லாம் விதிப்படி அளவுல இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா பில் பாஸ் பண்ணச் சொல்லி கேட்டுக்கறது சம்பந்தமா

கலெக்டர் மேடம் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு ரெண்டு வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போயிடுச்சு, இப்ப வயசு 43. டெய்லர் கடை வச்சிருக்கேன், மோட்டார் மிஷின கையால அமுக்கற மாதிரி மாத்தி வச்சு தைக்கிறேன். உள்ள வீல்சேர், வெளிய போக சைடு வீல் வச்ச ஸ்கூட்டர். திங்கக்கிழமை மனுநாள்ல நேர்ல வந்தா ரெண்டு நிமிஷம்தான் பேச முடியும், பின்னாடி நூறு பேரு நிப்பாங்க, அதனால எல்லாத்தையும் எழுதியே குடுத்துடறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் அப்பா பேர்ல இருந்த ஒன்றரை சென்ட்ட என் பேருக்கு எழுதணும்னு, ஆடி பொறந்துட்டா பத்திரம் போடக் கூடாதுன்னு அப்பா அவசரப்படுத்தி, ஆனி கடைசில ஒரு ஆபீஸுக்கு போனோம். எந்த ஆபீஸ்னு இதுல எழுதல, அங்க இருக்கறவங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆபீஸ் மாடில, லிஃப்ட் கெடையாது, கைரேகையும் போட்டோவும் மேல இருக்கற மிஷின்லதான் எடுக்கணுமாம். பத்திரம் எழுதறவர் கடைப் பையனும் ஒரு ஆட்டோ அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் கை குடுத்து என்ன தூக்கிட்டு போனாங்க. 23 படி. பாதி ஏறும்போதே சட்டை மார் வரைக்கும் ஏறிடுச்சு, இழுத்து விடலாம்னா என் ரெண்டு கையும் அவங்க கழுத்துல, கீழ வரிசைல நிக்கறவங்க எல்லாம் பாக்கறாங்க, அதுல என் பொண்ணு கூட படிக்கற பிள்ளையோட அம்மாவும் ஒருத்தங்க. தூக்குன ரெண்டு பேரும் தங்கமானவங்க, டீ வாங்கித் தர்றேன்னு சொன்னா கூட வேணாம்னுட்டாங்க. ஆனா ஊருக்கே ஊசி நூல் கோத்துக் குடுக்கற மனுஷன் மூட்டை மாதிரி போனது எனக்கு இன்னும் மறக்கல.

சரி மாடி ஆபீஸ் கதை அது, பழைய கட்டடம்னு சொல்லிடுவாங்க. புதுசா ராம்ப் போட்ட இடத்துக்கு வர்றேன். இன்னொரு ஆபீஸ்ல தரைத்தளத்துலயே வாசல், மூணு படி, பக்கத்துல பளபளன்னு டைல்ஸ் ஒட்டுன ராம்ப், சுவத்துல வீல்சேர் படம் எல்லாம் வரைஞ்சிருந்துச்சு. என் கழுத்துல எப்பவும் டேப் தொங்கும், அளந்து பாத்தேன். படி மூணும் சேந்து 18 இஞ்ச் உயரம், ராம்ப் நீளம் 7 அடி. மேடம், ரூல் என்னன்னா ஒரு இஞ்ச் உயரத்துக்கு 12 இஞ்ச் நீளம் வேணும், 1:12னு சொல்லுவாங்க, அப்டின்னா இந்த 18 இஞ்சுக்கு 18 அடி நீளம் வந்திருக்கணும். 7 அடில ஏறுனா வண்டி பின்னால கவுந்துரும். தனியா ஏறிப் பாத்தேன், முன் சக்கரம் ரெண்டும் தூக்கிடுச்சு, வாட்ச்மேன் ஓடி வந்து புடிச்சார். பிடிச்சுக்க கைப்பிடியும் இல்ல, ரெண்டு பக்கமும் இருக்கணும்னு ரூல்ல இருக்கு. டைல்ஸ் வேற, மழைத்தண்ணி பட்டா ஊன்றுகோல் வச்சு வர்றவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க. ராம்ப் அடில டூவீலர் நாலு நிக்குது.

டாய்லெட்டும் இருக்கு அங்க, 'மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்'னு போர்டு. தொறந்தா உடைஞ்ச சேரும் ஒரு பழைய பீரோவும். கதவு அகலம் 26 இஞ்ச், என் வண்டியே 25 இஞ்ச், தள்ளற கை உள்ள போகாது. கதவு உள்பக்கமா தொறக்குது, உள்ள போனா கதவ சாத்த முடியாது. 900 மில்லிமீட்டர், அதாவது மூணு அடி கிட்ட இருக்கணும், கதவு வெளிப்பக்கம் தொறக்கணும்.

இந்த அளவெல்லாம் நான் சொல்றதில்ல, மத்திய அரசு 2021ல போட்ட வழிகாட்டு நெறிமுறைல இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 44ல, தரநிலைப்படி இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று குடுக்கக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு. பிரிவு 45 படி இருக்கற பொதுக் கட்டடங்கள எல்லாம் விதி வந்த நாள்லேர்ந்து அஞ்சு வருஷத்துல மாத்தணும், விதி வந்தது 2017 ஜூன், அஞ்சு வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு. ராஜீவ் ரதூரிங்கற பார்வை இல்லாத ஒருத்தர் 2005லயே இதுக்கு கோர்ட்டுக்கு போயிருக்கார், அந்த கேஸ்ல 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், வெறும் சிபாரிசா வச்சா பத்தாது, கட்டாயமான தரநிலை வேணும், மூணு மாசத்துல விதி போடுங்கன்னு சொல்லிடுச்சு.

முடியாதுன்னும் இல்ல மேடம். மெரினாவுல 2022ல மணல்ல மரப்பாதை போட்டு வீல்சேர் கடல் பக்கம் போற மாதிரி பண்ணாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, திரும்ப சரி பண்ணாங்க. மணல்ல முடிஞ்சது சிமெண்ட்ல முடியாதா?

எனக்குத் தெரிஞ்சு ராம்ப்ப யாரும் வேணும்னு தப்பா கட்டல. எஸ்டிமேட்ல 'ராம்ப் 1'னு எழுதிருக்கு, கான்ட்ராக்டர் இருக்கற எடத்துல ஒரு சரிவு போடுறார், இன்ஜினியர் ராம்ப் இருக்கான்னு பாக்கறார், இருக்கு, பில் பாஸ். அதுல ஏறப் போறவன் மட்டும் எந்த கட்டத்துலயும் வர்றதில்ல. அளவெடுக்காம தைச்ச சட்டைய கஸ்டமர் திருப்பிக் குடுப்பான், நாங்க ராம்ப்ப யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது?

அதனால கேக்கறது இதுதான். இனிமே நம்ம மாவட்டத்துல எந்த அரசுக் கட்டடத்துக்கும் கடைசி பில் போடறதுக்கு முன்னாடி வீல்சேர்ல ஒருத்தர், பார்வை இல்லாத ஒருத்தர், ரெண்டு பேரும் உள்ள போயி வெளிய வந்து கையெழுத்து போடணும்னு ஒரு உத்தரவு போடுங்க. பார்வை இல்லாத என் ஃப்ரெண்டு ஒருத்தர் வழி தெரியறதுக்குன்னு காலுக்கு தட்டுப்படற மாதிரி கோடு வச்ச மஞ்ச டைல்ஸ் மேல நடந்து நேரா கரண்ட் கம்பத்துல முட்டிக்கிட்டார், அதுவும் யாரோ செக் பண்ணி பாஸ் பண்ணதுதான். காது கேக்காதவங்களுக்கு டோக்கன் நம்பர வாயால கூப்பிட்டா எப்படித் தெரியும், ஒரு சின்ன போர்டு வச்சா போதும். மாடில இருக்கற ஆபீஸ்கள கீழ மாத்த நாளாகும்னா, அதுவரைக்கும் மிஷின கீழ எடுத்துட்டு வந்து கைரேகை வாங்கச் சொல்லுங்க, பைசா செலவில்ல.

மொதல்ல அந்த 7 அடி ராம்ப்ப இடிச்சு கட்டச் சொல்லுங்க. எந்த ஆபீஸ்னு நேர்ல சொல்றேன். செக் பண்ண எந்த நாள் கூப்பிட்டாலும் கடைய சாத்திட்டு வர்றேன், காசு எதுவும் வேணாம், டேப் என்கிட்டயே இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து டெய்லர் ஒருத்தன்
(அடையாள அட்டை நகல் இணைச்சிருக்கேன்)