சிபானைப் பார்க்காமல் திரும்பிவிடாதே

அன்புள்ள கயல்,

பெருவின் தலைநகரான லிமாவின் அருங்காட்சியகங்களில் பழைய தங்க அணிகலன்களைக் கண்குளிரப் பார்த்தாயிற்றே, அவற்றையே மறுபடியும் பார்க்க வடக்கே எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் பேருந்தில் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். போகத்தான் வேண்டும். லம்பயேக்கேயில் உள்ள சிபான் அரச கல்லறைகள் அருங்காட்சியகத்தில், ஒவ்வொரு பொருளும் யாருடைய உடலில் எந்தப் பக்கம் கிடந்தது என்பது தெரியும்; தலைநகரில் நீ பார்த்தவற்றுள் பலவற்றுக்கு அந்த வரலாறு இல்லை.

பெருவின் வடகடலோரப் பாலைவனத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்குகளை நம்பி வாழ்ந்த மோச்சே மக்கள் இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். எழுத்து இல்லாதவர்கள். அவர்கள் சுடாத மண்செங்கல்லால் எழுப்பிய கோபுரங்கள் மழையில் கரைந்து, இன்று மண்மேடுகளாக நிற்கின்றன. சிபான் கிராமத்து மேடு ஒன்றை 1987 தொடக்கத்தில் புதையல் திருடர்கள் இரவோடு இரவாகத் தோண்டி ஒரு கல்லறையைச் சூறையாடினார்கள். காவல்துறை கைப்பற்றிய சில பொருள்களைப் பார்க்க அழைக்கப்பட்ட தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வா, எஞ்சிய மேட்டைக் காப்பாற்ற அங்கேயே அகழாய்வைத் தொடங்கினார். திருடர்களில் ஒருவர் காவலர்களால் சுடப்பட்டு இறந்திருந்ததால் ஊரே கொதித்துப் போயிருந்தது. காவல் போட்டுத்தான் தோண்ட வேண்டியிருந்தது. வறுமையில் மண்வெட்டி எடுத்தவர்கள்மீது எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கடல் கடந்து விலை பேசியவர்கள்மீதுதான் வருகிறது.

தோண்டியவர்களுக்கு முதலில் தென்பட்டது பாதங்கள் இல்லாத ஒரு மனிதனின் எலும்புக்கூடு. கல்லறையைவிட்டு நகராதிருக்க வைக்கப்பட்ட காவலன் என்று கருதுகிறார்கள். அதற்கும் கீழே, செப்புப் பட்டைகளால் பலகைகள் பிணைக்கப்பட்ட சவப்பெட்டியில், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஓர் அரசன், தன்னோடு புதைக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சூழ, கிடந்தான். அவன் கழுத்தணியை அவசரப்படாமல் பார். இயல்பைவிடப் பல மடங்கு பெரிதாகச் செய்யப்பட்ட நிலக்கடலைகள், மேற்தோட்டின் வரிகள்கூடப் பிசகாமல், வலப்பக்கம் பத்துப் பொன்னிலும் இடப்பக்கம் பத்து வெள்ளியிலும் கோக்கப்பட்டிருக்கும். கடலை தென் அமெரிக்க மண்ணின் பயிர்தான். நம் மானாவாரிக் காடுகளுக்கு அது பிற்பாடு வந்து சேர்ந்தது. பொன்னைச் சூரியனோடும் வெள்ளியை நிலவோடும் ஆய்வாளர்கள் இணைத்துப் பொருள் கொள்கிறார்கள். இந்த வலமும் இடமும் திருடன் கையில் ஒரு நொடி தங்கியிருக்குமா? பொன் ஒருவனுக்கும் வெள்ளி இன்னொருவனுக்கும் போயிருக்கும்.

அந்த அரசனின் காதணி ஒன்றின் நடுவில், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பொன் வீரன், பச்சைநீலக் கற்கள் பதித்த சட்டையுடன் கதாயுதம் ஏந்தி நிற்கிறான். அந்த வீரன் கழுத்திலும் ஆந்தைத் தலைகளைக் கோத்த மிகச் சிறிய மாலை ஒன்று உண்டு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மோச்சே மண்கலங்களில், போர்க்கைதிகளின் கழுத்தை அறுத்து, அந்தக் குருதியைக் கிண்ணத்தில் ஏந்தித் தலைவனிடம் நீட்டும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அது புராணக் கதையாக இருக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தபோது, அதில் கிண்ணத்தைப் பெறும் தலைவனின் பிறை வடிவத் தலையணியும், இடுப்புக்குப் பின்னால் தொங்கும் தகடும் சிபான் அரசனின் கல்லறையிலிருந்து வெளிவந்தன. அருகிலேயே ஒரு பூசாரியின் கல்லறையும், பிறகு 1991இல் சான் ஹோசே தே மோரோ என்ற இன்னொரு மோச்சே இடத்தில் அதே சடங்கின் பூசாரிப் பெண்ணின் கல்லறையும் கிடைத்தன. ஓவியத்தில் இருந்தவர்கள் உண்மையில் வாழ்ந்த பதவிக்காரர்கள் என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது. அணிகள் உடலோடும், உடல் கல்லறையோடும் சேர்ந்தே கிடைத்திராவிட்டால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. சிபானில் களவுபோனதாகக் கருதப்படும் இடுப்புத் தகடு ஒன்றை 16 லட்சம் டாலருக்கு விற்க முயன்றவர்களை 1997இல் ஃபிலடெல்ஃபியாவில் பிடித்தார்கள். தகடு பெருவுக்குத் திரும்பிவிட்டது. அதை அணிந்திருந்தவன் யார் என்பதற்கான தடயம் திரும்பவில்லை.

அருங்காட்சியகத்தில் மேல்தளத்தில் நுழைந்து, தோண்டியவர்கள் இறங்கிய வரிசையிலேயே கீழே இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் நேராக அரசனிடம் ஓடிவிடாதே. லிமாவுக்குத் திரும்பும் வழியில் த்ருஹியோ நகரில் ஒரு நாள் தங்க முடிந்தால், அருகிலுள்ள எல் புரூஹோ என்ற மோச்சே தொல்லியல் இடத்துக்கும் போய், கைகளில் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்திய, காவோ சீமாட்டி என்று அழைக்கப்படும் மோச்சே பெண்ணின் பதனப்பட்ட உடலைப் பார்த்துவிட்டு வா. மோச்சே நாட்டில் அதிகாரம் ஆண்களிடம் மட்டுமே இருந்தது என்ற எண்ணத்தை அசைத்தவள் அவள்.

அன்புடன்,
அப்பா