பிழைவிட்ட கணக்கை முதலில் வாசி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகனுக்கு,

மருமகள் உனக்குப் படம் பிடித்து அனுப்பிய பேத்தியின் தரம் 6 கணிதத் தவணைப் பரீட்சை வினாத்தாளை நானும் எடுத்து ஆறுதலாகப் பார்த்தேன். "எல்லாம் கவனயீனப் பிழை அம்மா, ஒரு நாளைக்கு ஐம்பது கணக்குச் செய்வித்தால் சரிவரும்" என்று நீ எழுதியிருந்தாய். இன்னொரு ரியூசன் வகுப்பிலும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இப்போது வேண்டாம். ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன், நேரம் எடுத்து வாசி.

அந்தத் தாளில் 403 இலிருந்து 168 ஐக் கழிக்கச் சொன்னதற்கு 365 என்று எழுதியிருக்கிறாள். ஒன்றின் இடத்தில் 3 இல் 8 போகாது என்று கண்டதும் 8 இலிருந்து 3 ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். பத்தின் இடத்தில் 0 இல் 6 போகாது, ஆகவே 6. நூறின் இடத்தில் 4 இல் 1 போக 3. அதே பக்கத்தில் கீழே 572 − 238 க்கு 346 என்று வந்திருக்கிறது. அங்கும் இதே வேலைதான்: ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். கவனம் சிதறினால் பிழைகள் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும். இவை இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. பிள்ளை தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறாள், அதை ஒழுங்காகவே செய்கிறாள், அந்த முறைதான் பிழை. இந்த நிலையில் ஐம்பது கழித்தல் கொடுத்தால் ஐம்பது தடவையும் பிழையான முறையே கையில் ஊறும்.

இதைத் திருத்துவதற்குக் காசு நல்லது. நான்கு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய்க் குற்றியும் மேசையில் வைத்து, "இதிலிருந்து எனக்கு 168 ரூபாய் தா" என்று கேட்க வேண்டும். ஒரு ரூபாய்க் குற்றி இப்போது கைக்கு வருவது குறைவு, கடதாசித் துண்டுகளில் எழுதி வெட்டினால் போதும். எட்டு ரூபாய் கொடுக்க அவளிடம் சில்லறை இல்லை. பத்து ரூபாயும் இல்லை. ஆகவே ஒரு நூறு ரூபாயைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றுவாள், அதில் ஒரு பத்தைப் பத்து ஒரு ரூபாயாக மாற்றுவாள். இப்போது அவள் முன்னால் இருப்பது 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. மொத்தம் இன்னும் 403 தான் என்பதை அவளே எண்ணிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு கொப்பியில் 4 ஐ வெட்டி 3, 0 க்கு மேல் 9, 3 க்கு மேல் 13 என்று எழுதினால், அந்தச் சின்ன இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியும். விடை 235.

முதல் பிழை மாறியதும் பெரும்பாலும் இரண்டாவது பிழை ஒன்று வரும், அதற்கு ஆயத்தமாக இரு. நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கடன் வாங்கி 13 ஆக்குவார்கள். பிறகு பத்தின் இடத்துச் சைபரையும் 10 ஆக்கி விடுவார்கள். அப்போது விடை 245 என்று, சரியாகப் பத்துக் கூட வரும். இது முன்னேற்றம்தான். திரும்பவும் காசை வைத்து, ஒரு பத்து கைமாறிப் போனதைக் காட்டினால் போதும்.

விடையைக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துத் தொடங்கு. 365 உடன் 168 ஐக் கூட்டினால் 533. தொடங்கியது 403. இப்படிப் பார்த்திருந்தால் பரீட்சை மண்டபத்திலேயே அவளுக்குப் பிழை தெரிந்திருக்கும்.

பெருக்கலில் அவள் 46 × 23 க்கு 230 எழுதியது இடப்பெறுமானப் பிழை. 46 × 3 = 138 சரி. அடுத்த வரி 46 × 20, அதாவது 920. அவள் 92 என்று எழுதி 138 க்கு நேர்கீழே வைத்துக் கூட்டிவிட்டாள். "ஒரு இடம் தள்ளி எழுது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஒரு நாள் தள்ளுவாள், ஒரு நாள் மறப்பாள். "இது இரண்டு இல்லை, இருபது" என்று வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். தொடங்குமுன் மட்டந்தட்டிப் பார்க்கச் சொல்: 50 × 20 = 1000, ஆகவே விடை ஆயிரத்துக்குக் கிட்ட வர வேண்டும். 230 அந்தப் பக்கமே இல்லை. சரியான விடை 1058. வகுத்தலிலும் இதே கண் வேண்டும். 612 ஐ 6 ஆல் வகுத்து 12 என்று எழுதியிருக்கிறாள், நடுவிலுள்ள சைபர் விடுபட்டுப் போயிற்று. 600 ஐ 6 ஆல் வகுத்தாலே 100 வருமே என்று ஒரு கணம் நினைத்தால் 102 தானாக வந்திருக்கும். சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி, ஒரு சதுரத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுத வைக்கும்படி மருமகளிடம் சொல். நிரல் கோணுவதால் வரும் பிழைகள் அதோடு நின்றுவிடும்.

நேரக் கணக்கில் 7.50 இலிருந்து 9.20 வரை 1 மணி 70 நிமிடம் என்று போட்டிருக்கிறாள். ஒரு மணிக்கு நூறு நிமிடம் என்பதுபோல 920 இலிருந்து 750 ஐக் கழித்ததால் வந்தது. நேரத்தைக் கழிக்க விடாதே, நடந்து போக விடு: 7.50 இலிருந்து 8.00 க்கு 10 நிமிடம், 9.00 க்கு ஒரு மணி, 9.20 க்கு 20 நிமிடம். ஒன்றரை மணித்தியாலம்.

பின்னம்தான் எனக்குக் கவலை. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) கண்டுபிடி, பெருக்கு, கூட்டு என்று விதியைத் திரும்ப ஒப்புவிக்க வைப்பதால் பயன் இல்லை, விதி தெரிந்த பிள்ளையும் அடுத்த மாதம் இதையே எழுதும். முதலில் ஒரு கேள்வி கேள்: "2/5 பெரிதா, 1/2 பெரிதா?" அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோக முடியுமா? அவள் தானாகத் திகைக்க வேண்டும், அதுவரை நீ விடை சொல்லாதே. பிறகு 12 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கடதாசிப் பட்டி வெட்டச் சொல். அதில் அரை எவ்வளவு? 6 சென்ரிமீற்றர். மூன்றில் ஒன்று? 4 சென்ரிமீற்றர். சேர்த்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. ஏன் 12 ஐத் தேர்ந்தெடுத்தோம், 10 சென்ரிமீற்றர் பட்டியில் என்ன சிக்கல் வரும் என்று கேட்டால், பொதுப் பகுதி, அதாவது கீழே ஒரே எண், எதற்காகத் தேவை என்பது அவளுக்கே விளங்கும். 1/4 + 1/6, 2/3 − 1/4 எல்லாம் அதே பட்டியில் செய்யலாம். ஒரு வாரம் பட்டி, பிறகு பட்டியைப் படமாக வரைதல், அதன் பிறகுதான் எண்கள் மட்டும். தசமத்துக்கும் அடிமட்டமே உதவும்: 0.35 ஐ 0.4 ஐவிடப் பெரிது என்று அவள் நினைப்பது 35 உம் 4 உம் கண்ணில் படுவதால். 0.4 மீற்றர் என்றால் 40 சென்ரிமீற்றர், 0.35 மீற்றர் என்றால் 35 சென்ரிமீற்றர்.

வாய்ப்பாடு அவளுக்குப் பாடமாக இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து ஓதினால் மட்டும். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் ஓரேழ் ஏழிலிருந்து தொடங்குகிறாள். பத்து வாய்ப்பாடு வரை எடுத்துக்கொண்டு, 1, 2, 5, 10 ஆகியவற்றைத் தெரியும் என்று விட்டு, 7 × 8 உம் 8 × 7 உம் ஒன்றே என்பதையும் கழித்தால் மிஞ்சுவது 21 பெருக்கங்கள்தான். 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்களுக்குள் உள்ளவை. அந்த 21 ஐயும் சின்ன அட்டைகளில் எழுதி, கலைத்துக் கேட்க வேண்டும். மூன்று விநாடிக்குள் வந்தால் ஒரு குவியல், யோசித்தால் மற்றக் குவியல். யோசித்தவை நாளைக்கும், வந்தவை மூன்று நாள் கழித்தும். மறந்ததைக் கண்டுபிடிக்க வழியும் கொடு: 4 ஆல் பெருக்க இரண்டு முறை இரட்டித்தல், 9 ஆல் பெருக்கப் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கு குறைத்தல், 6 ஆல் பெருக்க ஐந்து மடங்கோடு ஒரு மடங்கு கூட்டல். "56 எந்த இரண்டின் பெருக்கம்?" என்று பின்பக்கமாகவும் கேள், வகுத்தலுக்கும் பின்னத்துக்கும் அதுதான் வேண்டும். இந்த வேகம் வீண் போகாது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்குக் கணிகருவி கொண்டுபோக முடியாது.

வசனக் கணக்குக்கு வருகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவ்வளவு கடந்தகால வினாத்தாள் செய்த பிள்ளை இதில் ஏன் தடுமாறுகிறாள் என்று கேட்டிருந்தாய். அந்தப் பரீட்சையின் முதலாம் பத்திரத்தில் விடையைத் தெரிவுசெய்தால் போதும். வேகத்துக்காக வகுப்புகளில் குறிச்சொல் பார்க்கப் பழக்கி விடுகிறார்கள்: "மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி, "கூட" என்றால் கூட்டு. தரம் 6 இல் அந்தக் குறுக்கு வழி காலை வாரும். "நிலாவிடம் 24 மாங்காய் உண்டு. அது மாலாவிடம் உள்ளதைவிட 6 கூட. மாலாவிடம் எத்தனை?" இதில் "கூட" என்ற சொல்லைக் கண்டு 30 என்று எழுதுவாள். விடை 18.

இதற்கு ஒரே மருந்து படம். சிங்கப்பூர் ஆரம்பப் பாடசாலைகளில் 1980களிலிருந்து பட்டி வரைந்து கணக்குச் செய்யப் பழக்குகிறார்கள், அதை நாமும் எடுத்துக்கொள்வோம். நிலாவுக்கு ஒரு நீளப் பட்டி, கீழே மாலாவுக்கு ஒன்று. எது நீளம் என்று அவள் தீர்மானித்த பிறகே எண் எழுதலாம். இன்னொன்று: "இருவரிடமும் சேர்த்து 84 ரூபாய். அக்காவிடம் தங்கையைவிட 12 ரூபாய் கூட." அநேகம் பேர் 84 ஐ இரண்டாகப் பிரித்து 42, அக்காவுக்கு 12 கூட்டி 54 என்பார்கள். 54 உம் 42 உம் 96 அல்லவா? பட்டி வரைந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் 12 ஐ முதலில் வெட்டினால்தான் இரண்டும் சமன் என்பது கண்ணுக்குத் தெரியும். 72 இல் பாதி 36, அக்காவுக்கு 48.

விடையைக் கதைக்குள் திருப்பி வைத்துப் பார்ப்பதும் முக்கியம். 130 பிள்ளைகள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 40 பேர். "3, மீதி 10" என்று எழுதிவிட்டு எழும்பினால் பத்துப் பிள்ளைகள் பாடசாலை வாசலில் நிற்பார்கள். வேண்டியது 4 பஸ். 40 மீற்றர் நேர் வீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 5 மீற்றருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்றால் 8 இல்லை, 9. அதே 40 மீற்றர் ஒரு காணியின் சுற்றளவாக இருந்தால் 8 தான். ஏன் என்று அவள் வரைந்து காட்ட வேண்டும்.

சமன் குறியையும் ஒருமுறை சோதித்துப் பார். 8 + 4 = □ + 5 என்று கொடு. 12 என்று எழுதினால், சமன் என்பது "விடை இங்கே வரும்" என்று அவள் நினைக்கிறாள். இரு பக்கமும் ஒரே பெறுமானம் என்று விளங்காமல் அட்சரகணிதத்துக்குள் போனால் சமன்பாடு முழுக்க இருட்டாகிவிடும். 5 × 4 = 20 + 6 = 26 என்று தொடராக எழுதுவதையும் அன்றன்றே நிறுத்து, வரிக்கு வரி பிரித்து எழுதட்டும்.

எப்படிச் செய்வது என்றால், உனக்கு அங்கே வெளிநாட்டில் மாலை 4.30 ஆகும்போது எங்களுக்கு இரவு 7.00. அந்த நேரத்தில் இருபது நிமிடம், கிழமைக்கு நான்கு நாள் போதும். முதல் ஐந்து நிமிடம் அட்டை. பிறகு இரண்டே இரண்டு வசனக் கணக்கு, படத்தோடு. கடைசி ஐந்து நிமிடம் பழைய பிழை ஒன்று: இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை, எண்ணை மாற்றிக் கேள். ஒரே வகைக் கணக்கு இருபதை வரிசையாகக் கொடுக்காதே. மேலே "கழித்தல்" என்று தலைப்பு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை, பரீட்சையில் அந்தத் தலைப்பு இருக்காது. கலந்து கொடு. அழிறப்பரை எடுத்து வைக்கச் சொல், பிழைத்தால் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கீழே எழுதட்டும். அழித்துவிட்டால் பிழையின் வழியை நீ காண முடியாது. அவள் உனக்கு அனுப்பும் படத்தில் விடை மட்டும் இருந்தால் ஏற்காதே, செய்த வழி முழுக்க வேண்டும். சரியான விடைக்கும் "எப்படி வந்தது?" என்று கேள், பிழைக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே அவளுக்குப் பிழை என்ற சைகையாகிவிடும். மணிக்கூட்டை இப்போதைக்கு வைக்க வேண்டாம். பதற்றத்தில் பிள்ளை பழைய குறுக்கு வழிக்கே ஓடும்.

சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது நானும் மனக்கணக்குக் கேட்கிறேன். போஞ்சி கிலோ 640 ரூபாய் என்றால் 350 கிராம் எவ்வளவு? 100 கிராம் 64, 300 கிராம் 192, 50 கிராம் 32, ஆக 224. தாளும் பென்சிலும் இல்லாமல் அவளால் இது முடியும்.

முதல் இரண்டு கிழமையும் கழித்தலும் வாய்ப்பாட்டு அட்டையும் வசனக் கணக்கும் மட்டும், பின்னத்தை அதற்குப் பிறகு தொடு. வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அவளுக்கு 402 − 157 ஐக் கொடு. 355 என்று வந்தால் பழைய முறை இன்னும் போகவில்லை, காசை எடுத்து வைக்கச் சொல். 255 என்று வந்தால் சைபரில் மட்டும் சிக்கல். 245 என்று வந்தால் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, 12 சென்ரிமீற்றர் பட்டியை வெட்டி வைக்கும்படி மருமகளுக்கு ஒரு செய்தி அனுப்பு.

அன்புடன்,
அம்மா