பொடோனியை 8 பாயின்டில் வைக்காதீர்கள்

ஆங்கிலத்தில் பத்திரிகை, மெனு, அழைப்பிதழ் வடிவமைக்கும் டிசைனர் நண்பர்களுக்கு,

வணக்கம். அட்டையில் பொடோனி எழுத்துருவைப் பெரிதாகப் போடுகிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். கனத்த தண்டு, அதை ஒட்டி மயிரிழைக் கோடு, வளைவில்லாமல் நறுக்கென்று முடியும் செரிஃப் என்ற நுனிக்கோடு. 72 பாயின்ட் என்ற பெரிய அளவில் பார்த்தால் கண் நகராது. என் புகார் உள்பக்கங்களைப் பற்றித்தான். அதே எழுத்தை 8 பாயின்டுக்குச் சுருக்கி, போதாததற்குக் கறுப்பின் மேல் வெள்ளையாகவும் வைத்துவிடுகிறீர்கள்.

‘minimum’ என்ற ஆங்கிலச் சொல்லை, கேப்பிட்டல் இல்லாமல், சின்ன எழுத்துகளில் அடித்துப் பாருங்கள். அதில் 15 நிமிர்ந்த தண்டுகள். அவற்றை எழுத்தாகச் சேர்த்துப் பிடிப்பவை மெல்லிய இணைப்புக் கோடுகள்தான். அவை அச்சில் தேய்ந்தால் மிஞ்சுவது வேலிக்கம்பு வரிசை. ஆங்கில ‘e’யின் குறுக்குக் கோடு போனால் அது ‘c’ ஆகிவிடும். வெள்ளை எழுத்தென்றால் சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கும். நாலு கலர் கலந்த கறுப்பில் ஒரு கலர் துளி விலகினாலும் கதை முடிந்தது.

இதற்கு, இந்த எழுத்தை உருவாக்கிய பொடோனி என்ற மனிதரைக் குறை சொல்ல முடியாது. 1740இல் இத்தாலியின் சலுட்சோவில் அச்சுக்காரர் வீட்டில் பிறந்து, 1768இல் பார்மா பிரபுவின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்றவர் அவர். ஒவ்வொரு அளவுக்கும் எஃகில் தனித்தனி அச்சு வெட்ட வேண்டிய காலம் அது. சின்ன அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை கொடுக்கலாம், எழுத்துகளுக்கு நடுவே இடம் விடலாம். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் மயிரளவே வித்தியாசம் என்னும்படி அத்தனை அளவுகள் வெட்டினார். அவர் இறந்த பிறகு, 1818இல் மனைவி மார்கெரிட்டா வெளியிட்ட இரண்டு தொகுதி எழுத்து மாதிரி நூலில் அதைப் பார்க்கலாம். அப்புறம், வழவழப்பான காகிதமும் அகலமான ஓரமும் வேறு அவருக்குக் கிடைத்தன. உங்கள் வாடிக்கையாளர் அதற்கெல்லாம் காசு கொடுப்பாரா?

ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் இழுத்தும் சுருக்கியும் பயன்படுத்தும் பழக்கம் பிற்பாடு வந்தது. அதற்கு மாற்றும் எப்போதோ வந்துவிட்டது. 1994இல் வெளியான ‘ஐடிசி பொடோனி’ எழுத்துருவில் 6, 12, 72 பாயின்டுகளுக்கென்று மூன்று தனி வடிவங்கள் உண்டு. பொடோனியைப் போன்றே மெல்லிய கோடு கொண்ட டிடோ என்ற பிரெஞ்சு எழுத்துருவை 1990களின் தொடக்கத்தில் ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ ஃபேஷன் இதழுக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜானதன் ஹோஃப்ளர் ஏழு அளவுகளில் வரைந்தார். ஃபேஷன் பத்திரிகைகளின் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்து நகலெடுப்பவர்கள் இந்த உழைப்பை மட்டும் நகலெடுப்பதில்லை! காசில்லை என்றும் சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைக்கும் ‘பொடோனி மோடா’ எழுத்துருவிலேயே 6 முதல் 96 பாயின்ட் வரை அளவுக்கேற்ப வடிவம் மாறும்.

இதற்கும் நேரமில்லையா, சரி. தலைப்போடு பொடோனியை நிறுத்திவிட்டு, உள்ளே கோடுகள் ஓரளவு சமமாக இருக்கும் வேறு எழுத்துருவை வையுங்கள். ஃபைலை அச்சகத்துக்கு அனுப்புமுன், திரையில் பெரிதாக்கிப் பார்த்ததை மட்டும் நம்பாமல், அச்சாகப்போகும் அதே காகிதத்தில் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்ட ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைப் புரூஃப் பார்ப்பவன்