வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் நமது வட்டம் மாதந்தோறும் கூடியது. அடைமழையால் ஐப்பசிக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், பாளையங்கோட்டையில் புத்தகக் கடை நடத்திவரும் நம் உறுப்பினர், நாம் அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்பவர், தமக்கு மிகவும் பிடித்த நூல்களைத் துறைவாரியாக எடுத்துரைத்த தொடர் உரைகளைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடையில் எது அதிகம் விற்கிறது என்ற பட்டியலை அவர் தரவில்லை. கல்லாவுக்குப் பின்னாலுள்ள அலமாரியில், யார் கேட்டாலும் விலைக்குக் கொடுக்காமல், காக்கி அட்டை போட்டு வைத்திருக்கும் தம் சொந்தப் பிரதிகளையே ஒவ்வொரு கூட்டத்துக்கும் பையில் எடுத்து வந்தார்.

சிறுகதையில் அவருடைய முதல் தேர்வு புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. சென்னை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, உயிர் பிரிந்த மனைவியின் அருகில் இருக்கும் அந்த முதல் பக்கத்தை அவர் வாசித்து முடித்தபின், அடுத்துப் பேச எவருக்கும் சிறிது நேரம் மனம் வரவில்லை. நாவலில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த ‘சாய்வு நாற்காலி’ ஆகிய இரண்டையும் சொன்னார். இவை நம்மில் பலரும் படித்தவையே.

ஆண்டின் சிறந்த கூட்டம், உழவர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கியமான முக்கூடற்பள்ளுக்கு உரியது என்பது என் கருத்து. தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகின்ற சீவலப்பேரிப் பகுதியைப் பாடும் இந்நூலை, தேர்வுக்குப் படித்த பாடமாக மட்டுமே நம்மில் பலர் அறிந்திருந்தோம். மலையாளத்துப் பக்கமும் ஈழத்துப் பக்கமும் மின்னல் சூழ, நண்டு தன் வளையின் வாயைச் சேற்றால் அடைக்க, கேணித் தவளை கூப்பிட, நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று பள்ளர்கள் குறி அறியும் பாடலை அண்ணாச்சி சந்தத்தோடு பாடியபோது, விவசாயம் பார்க்கும் உறுப்பினர்கள் அந்தக் குறிகளைத் தங்கள் வயல் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கியதால், கூட்டம் இரவு வெகுநேரம் நீடித்தது. நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் அடுக்கிச் சொல்லும் பகுதிகளை ஒரு ஆவணமாகவே மதிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

கட்டுரையில் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ அவருடைய தேர்வு. உப்பு, எண்ணெய் என்று அன்றாடம் கையாளும் பொருள்களிலிருந்தே சமூக வரலாற்றைத் திறந்துகாட்டும் அச்சிறு கட்டுரைகளே, கதை மட்டும் படித்துப் பழகியவரைப் பிற துறைகளுக்கு அழைத்துச் செல்ல ஏற்றவை என்றார். அதன்பின் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை எடுத்து, அகராதியையும் முதலிலிருந்து கடைசிவரை ஆசையோடு வாசிக்கலாம் என்று காட்டினார்.

மொழிபெயர்ப்புக்கும் அறிவியலுக்கும் இடம் தரப்படவில்லை என்று இளைய உறுப்பினர்கள் சுட்டிக்காட்டியது நியாயமே. அவ்விரு துறைகளுக்கும் வரும் ஆண்டில் தனிக்கூட்டங்கள் நடத்தவும், அண்ணாச்சி சொன்ன நூல்களில் அச்சில் கிடைப்பவற்றை வட்டத்தின் அலமாரிக்கு வாங்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. இத்தீர்மானத்துக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்