சிப்ரோவுக்கு நேரே ஓர் ஆர்

பல்லடம்

அன்புள்ள மாப்ளைக்கு,

நாலு தடவை நீ கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது வீட்டில் எல்லோரையும் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார். தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

முதலில் வெறும் வயிற்றுப்போக்குதான். ஹாஸ்டலில் யாருக்கு வயிற்றைக் கலக்கினாலும் நீ சிப்ரோ என்று இரண்டு ஆண்டிபயாட்டிக் மாத்திரை நீட்டுவாயே, அதே வைத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், பேச்சுக் குழறல். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். சால்மொனெல்லா என்ற கிருமி. டைபாய்டு வகை இல்லை, கோழி, முட்டையிலிருந்து தொற்றுகிற வகை. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சிப்ரோவுக்கு நேரே ஆர். டாக்டரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோழிப்பண்ணை வச்சிருக்கீங்களா?" என்றார். வேறொரு ஊசிக்குத்தான் காய்ச்சல் இறங்கியது.

அந்தக் கேள்விதான் மாப்ள என்னைத் தூங்க விடவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் குஞ்சு இறக்கிய முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியில் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக் ஊற்றியவன் நான். பத்துக் குஞ்சு சோர்ந்தால் ஷெட்டில் இருக்கிற பத்தாயிரமும் மருந்து குடிக்கும். அந்த மருந்தும் சிப்ரோவும் ஒரே வம்சமாம். கோழி உடம்புக்குள் போனதில் ஒரு பங்கு சிப்ரோவாகவே மாறிவிடுமாம். அதற்குச் சாகாமல் தப்பிப் பழகிய கிருமி சிப்ரோவுக்கும் சாகாதாம். மருந்துக்கடைக்காரனுக்கு இது தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் 2005-லேயே கோழிக்கு என்ரோஃப்ளாக்சசினைத் தடை செய்துவிட்டார்களே.

2019-ல் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது சங்கக் கூட்டத்தில் அதிகம் கத்தியதும் நான்தான். மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது போடுகிற மருந்து அது என்று அப்போது தெரியாது. கிருமியை அதற்கு மசியாமல் வைக்கிற ஜீன் ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று போலப் போகும் என்று சீனாவில் 2015-ல் கண்டிருக்கிறார்கள். பன்றியிலும் இருந்தது, கடைக் கறியிலும் இருந்தது, நோயாளிகளிடமும் இருந்தது.

"வெந்த கறியில் என்ன கிருமி?" என்று நான் அளந்துவிடுவது உனக்கே தெரியும். வெந்தால் செத்துவிடும், சரி. வேகும் முன்னால்? போன ஞாயிறு அடுப்படியில் நின்று பார்த்தேன். கறியைக் குழாயடியில் அலசினால் தண்ணீர் கொத்தமல்லிக் கட்டு வரை தெறிக்கிறது. கறி அரிந்த அருவாமனையை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவி, அதிலேயே அப்பாவுக்கு வெள்ளரிப்பிஞ்சு. வெள்ளரியை யார் வேகவைப்பார்கள்?

கறி கடையில் வாங்கியது. என் ஷெட் கிருமிதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோழியை வளர்த்தவனும் என்னைப் போல ஒருத்தன்தானே.

வியாழக்கிழமை அடுத்த பேட்ச் இறங்குகிறது. குஞ்சு சோர்ந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், சும்மா மருந்து ஊற்ற மாட்டேன் என்று குஞ்சு கொடுக்கிற கம்பெனி சூப்பர்வைசரிடம் சொன்னேன். சாவு ஏறினால் வளர்ப்புக் கூலியில் பிடிப்பார்கள் என்று சிரித்தார். பயமாகத்தான் இருக்கிறது. தொட்டியைத் தேய்த்து, நார்த்தூளை மாற்றி, ஷெட்டை ஒரு வாரம் கூடுதலாகக் காயப்போட்டிருக்கிறேன்.

நீயும் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுப்பதை நிறுத்தேன். முக்கியமாக எனக்கு.

அப்பா நாட்டுக்கோழிக் குழம்பு கேட்டு அடம்பிடிக்கிறார். மாட்டுப்பொங்கலுக்கு வா. அருவாமனை இப்போது இரண்டு இருக்கிறது.

உன்,
கரண்ட் கம்பம்