காட்டேரி எங்கள் வீட்டுத் தெய்வம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ட்வைலைட்' என்ற அமெரிக்க வாம்பயர் காதல் நாவல் வரிசை உருவான கதை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதை ஏன் அப்படி எழுதினேன் என்று அதை எழுதிய ஸ்டெஃபெனி மேயர் பல இடங்களில் சொன்னதைத் தேடிப்பிடித்துத் தொகுத்திருந்தார் கட்டுரையாளர். உழைப்பு தெரிகிறது. ஆனால் அவர் கேலி செய்த இடத்தில் கேலிக்கு ஒன்றுமில்லை. நின்று பேச வேண்டிய இடத்தையோ ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த நாவல்களை ஆசைப்பட்டு வாங்கிப் படித்தவள் அல்ல. என் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தாள். பிடுங்கி வைத்தேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று ராத்திரி புரட்டப்போய், மூடிவைக்கும்போது மணி மூன்று. மறுநாள் இரண்டாம் பாகம் எங்கே என்று அவளிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்த அவமானத்தை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

வாம்பயர் என்றால் மனித ரத்தம் குடிக்கும், சாவில்லாத பிறவி. வெயில் பட்டால் வைரம்போல் மின்னும் வாம்பயர் என்பது சிறுபிள்ளைத்தனம், மேயருக்கு மரபே தெரியாது என்கிறார் கட்டுரையாளர். எந்த மரபு? 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வில் அந்த வாம்பயர் பிரபு பட்டப்பகலில் லண்டன் பிக்கடில்லியில் நிற்கிறார். பகலில் அவருக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டதும் மறைந்தே போவது 1922இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படம் செய்த வேலை. சினிமாக்காரர் மாற்றினால் மரபு, மூன்று பையன்களை வளர்த்துக்கொண்டே எழுதிய ஒரு அம்மா மாற்றினால் சிறுபிள்ளைத்தனமா?

அந்த மினுமினுப்பு 2003 ஜூன் 2 அன்று அவர் கண்ட கனவிலேயே இருந்தது. காட்டுக்கு நடுவே புல்வெளி, அதில் ஒரு சாதாரணப் பெண், எதிரே வெயிலில் மின்னும் வாம்பயர். அவள்மேல் அவனுக்குக் காதல், அவள் ரத்தத்தின்மேல் தாகம். கனவில் வந்ததை மேயர் திருத்தவில்லை, மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தோதாக அமைத்தார். இவர்களை வெயில் கொல்லாது, காட்டிக்கொடுக்கும். அப்படியென்றால் ஊர் ஜனங்களோடு கலந்து வாழ வெயில் எட்டிப்பார்க்காத ஊர் வேண்டும். அரிசோனாவின் வறண்ட வெயிலில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் மழை அதிகம் பெய்யும் இடம் எது என்று கூகுளில் தேடியிருக்கிறார். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பம் வந்தது. வரைபடத்தில் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊர், மரம் வெட்டிப் பிழைத்த ஊர். வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை. அதில் பாதி பெய்தாலே எங்கள் ஏரி கோடி போய்விடும்.

இந்த ஒரு விதி கதைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெயில் அடிக்கும் நாளில் வாம்பயர்களான கல்லன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டார்கள். குடும்பத்தோடு மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொல்லும். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் மேசை காலியாகக் கிடக்க, கதாநாயகி பெல்லா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபீனிக்ஸ் வெயிலைப் பிரிய மனமில்லாமல் வந்த பெண், இப்போது மேகம் மூடாதா என்று ஏங்குகிறாள். காதல் என்ற சொல்லே இல்லாமல் காதலைச் சொல்லியாயிற்று. இதைப் போய்ச் சிறுபிள்ளைத்தனம் என்றால் என்ன செய்வது?

கனவில் கண்ட புல்வெளி, நாவலின் பதின்மூன்றாம் அத்தியாயம். அங்கே தொடங்கி முடிவுவரை எழுதிவிட்டு, அப்புறம்தான் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினாராம். முதல் பன்னிரண்டு அத்தியாயங்கள் ஏன் அப்படி இழுக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போய்ச்சேரும் இடம் அவருக்குத் தெரியும், நிதானமாக நடக்கிறார். கால் வலிப்பது நமக்கு.

அவர் சொன்ன எல்லா விளக்கத்தையும் நான் ஒத்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெல்லா எப்போதும் யாராவது வந்து காப்பாற்றக் காத்திருக்கிறாள் என்று பலரும் குறைசொன்னார்கள். பெண் என்பதால் அல்ல, வாம்பயர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மனிதப்பிறவி என்பதால்தான் அப்படி என்று மேயர் பதில் சொன்னார். சொன்னதோடு விடாமல் 2015இல் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' என்று முழு நாவலையும் திரும்ப எழுதினார். விமர்சனத்துக்கு நானூறு பக்கத்தில் பதில் எழுதத் துணிச்சல் வேண்டும். ஆனால் முடிவையும் சேர்த்து மாற்றிவிட்டார். பெல்லா வாம்பயராக நான்காம் பாகம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பையனுக்கோ முதல் புத்தகத்திலேயே கிடைத்துவிடுகிறது. தராசின் ஒரு தட்டில் கல்லைப் போட்டுவிட்டு இரண்டும் சமம் என்றால் எப்படி?

இனி, தாண்டிப்போன அந்த ஒரு வரி. 'பக்கத்துப் பழங்குடியினரின் ஓநாய்க் கதையையும் மேயர் சேர்த்துக்கொண்டார்' என்று எழுதிவிட்டுக் கட்டுரையாளர் சினிமாப் பக்கம் போய்விட்டார்.

ஃபோர்க்ஸிலிருந்து கடற்கரைக்குப் போனால் லா புஷ். அது க்விலியூட் என்ற பழங்குடி மக்களின் ஊர். ஓநாய்களை மனிதர்களாக மாற்றியவர் அவர்கள் புராணத்து க்வாட்டி, அப்படி வந்தவர்கள்தான் தாங்கள் என்பது அவர்களுடைய தோற்றக்கதை. நாவலில் இது தலைகீழாகி, மனிதர்கள் ஓநாயாகிறார்கள், அதுவும் வாம்பயர்களை எதிர்ப்பதற்காக. ஜேக்கப் என்ற க்விலியூட் பையன், பெல்லாவுக்கு ரகசியத்தை எடுத்துச்சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக மட்டுமே உருவானவன் என்று மேயரே சொல்லியிருக்கிறார். பிறகுதான் அவன் வளர்ந்தான். மழையைத் தேடியபோது ஒரு ஜனமும் சேர்ந்து கிடைத்தது, எடுத்துக்கொண்டார்.

அந்த ஜனத்தின் நிஜக்கதை வேறு. 1889இல் அவர்கள் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூ பறிக்கும் கூலிவேலைக்குப் போயிருந்த சமயம், அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய ஒரு குடியேறி, ஊரையே கொளுத்தினார். இருபத்தாறு வீடுகள் போயின. மிஞ்சியது கடலோரத்தில் சுமார் ஒரு சதுர மைல். சுனாமி வந்தால் பள்ளிக்கூடம் முதல் அடித்துப்போகும் நிலைமை இருந்தது. மேட்டுநிலம் தர 2012இல்தான் சட்டம் வந்தது. நாவலில் ஜேக்கப் வீட்டுப் பக்கம் இவ்வளவு பேர் நடமாடுகிறார்கள், ஆனால் இந்த நிஜக்கதை எதுவும் அதில் இல்லை. அனுமதி கேட்டு யாரும் அவர்களிடம் போகவில்லை, புத்தகமும் படமும் கொட்டிய பணத்தில் பங்கும் இல்லை. கடைசியில் சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, எது அவர்கள் கதை, எது நாவலில் கட்டியது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வாம்பயருக்கு என்ன விதி வேண்டுமானாலும் மேயர் போடட்டும். வந்து கேட்க வாம்பயர் இல்லை. லா புஷ்ஷில் ஆள் இருக்கிறார்கள்.

இது எனக்கு உறைக்கக் காரணம் உங்கள் கட்டுரையின் தலைப்பு. 'ரத்தக் காட்டேரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

காட்டேரி எங்கள் பிறந்த வீட்டுத் தெய்வம். நான் முழுகாமல் இருந்த ஏழாம் மாதம் அம்மா அவளுக்குப் படையல் போட்டார். ராத்திரி வாசற்கதவைச் சாத்திவிட்டு, கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் களியும் முறத்தில் வைத்துப் படைத்தோம். மிச்சத்தை வெளியாளுக்குத் தரவில்லை. அவளிடம் பயம் உண்டு. அந்தப் பயத்தோடுதான் வயிற்றுப்பிள்ளையைக் காப்பாத்து தாயே என்று கேட்டோம். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் கணக்குப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்தவள். குலதெய்வம் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது அவள் காட்டேரி என்று சொல்லப்போக, வருஷம் முடியும்வரை பிள்ளைகள் அவளைப் பல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம் அவள் எந்த இடத்திலும் சொல்வதில்லை. எங்கள் அம்மா படைத்த காட்டேரிக்குக் கோரைப்பல் கிடையாது. டிராகுலாவின் ஊரான டிரான்சில்வேனியாவும் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாம்பயர் என்றே அச்சிடுங்கள். டிராகுலாவைச் சிரமமில்லாமல் சொல்லும் நம் வாசகர்களுக்கு அது வாயில் நுழையாத சொல் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செய்யாறு.